நாற்பத்தேழாம் பக்கத்தில் என் கணக்குப் பேப்பர்

இன்று அம்மாவின் ஆபீசில் என் கணக்குப் பரீட்சைப் பேப்பரை ஆடிட் செய்துவிட்டார்கள்!

சிரிக்காதீர்கள். போர்வைக்குள் இருந்து போனில் எழுதுகிறேன். அடுத்த கட்டிலில் அம்மா. (தூங்குகிறாளா என்று தெரியவில்லை. அதுதான் பயமே.)

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அம்மா புதுக்கடைப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் சூப்பர்வைசர். எங்கள் ஊரில் அதற்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். (ஆபீஸ்தான். ஆனால் நாற்காலியைவிட முந்திரிக்கொட்டை அதிகம்.)

அங்கே இதுவரை மூன்று பைல். தரத்துக்கு ஒன்று, சுற்றுச்சூழலுக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று.

ஒரு வாளி தோட்டெண்ணெய் (முந்திரித் தோட்டில் வடிகிற எண்ணெய், பட்டால் தோல் வெந்துவிடும்) கவிழ்ந்தால் போதும். பருப்பு கறுத்தது என்று ஒரு படிவம். ஓடையில் எண்ணெய் கலந்தது என்று இன்னொன்று. அம்மாவுக்கு உதவியாக வேலை பார்க்கும் கிரேசி அக்காவின் கை வெந்தது என்று மூன்றாவது.

கவிழ்ந்தது ஒரே வாளி!

ஸ்டோர் ரூம் கதவில் மூன்று பலகை. 'பூச்சி வரும், மூடி வைக்கவும்' என்றது தரம். 'அவசர வழி, திறந்து வைக்கவும்' என்றது பாதுகாப்பு. 'பகலில் லைட் போடக் கூடாது' என்றது சுற்றுச்சூழல். (பாவம் அந்தக் கதவு, பயந்துபோய் பாதி திறந்தே நின்றது.)

மூன்றையும் ஒன்றாக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. பொறுப்பு அம்மாவுக்கு. அம்மா முதல் வேலையாக, தள்ளினால் திறக்கிற வலைக்கதவு போடச் சொன்னாள். பூச்சி வராது, ஆள் ஓடலாம், வெளிச்சமும் வரும். மூன்று பலகையும் இறங்கிவிட்டன!

பிறகு ஒரே பைல், ஒரே படிவம், ஒரே ஆடிட். அது இன்றைக்கு. இரண்டு வாரமாக அம்மா சோறு தின்றதுகூட பைலைப் பார்த்துக்கொண்டுதான்.

நேற்று சாயங்காலம் அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அம்மாவின் ஒரு கையில் கரண்டி, மறு கையில் பேனா.

"ஏட்டி, பேப்பரை ஒவ்வொண்ணா எடுத்து நீட்டு. மீனு கரிஞ்சு போவும்."

நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். நீட்டினேன். போட்டாள். ஒன்றையும் படிக்கவில்லை!

என் பைக்குள் ஒரு வாரமாக ஒளிந்திருந்தது கணக்குப் பேப்பர். நூற்றுக்கு முப்பத்துமூன்று. பெற்றோர் கையெழுத்துடன் கொடுக்கத் திங்கள்கிழமை கடைசி நாள்.

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நீட்டினேன். போட்டாள்.

நான் உருவுவதற்குள் கட்டு முழுவதையும் பைலில் கோத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டாள். காலையில் ஆபீஸ் வேன் ஆறரைக்கே வந்துவிட்டது. நான் எழுந்தபோது அம்மாவும் இல்லை, பைலும் இல்லை, முப்பத்துமூன்றும் இல்லை.

மற்றதைச் சாயங்காலம் கிரேசி அக்கா வந்து சொன்னார். அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம்.

"பிள்ளே, நானும் பாக்காம சீல் அடிச்சுப் போட்டேன் கேட்டியா. நம்பரும் போட்டாச்சு. நீ நாப்பத்தேழாம் பக்கமாக்கும்!"

"ஆடிட்டர் பாத்தாரா அக்கா?"

"பாக்காமலா? மெட்ராஸ்காரரு. கண்ணாடியக் கழத்தித் தொடச்சிற்று பின்னையும் பாத்தாரு!"

மிச்சத்தை அக்கா நடித்தே காட்டினார்.

ஆடிட்டர்: "இது எந்த சிஸ்டம் மேடம்? தரமா, சுற்றுச்சூழலா, பாதுகாப்பா?"

அம்மா பேப்பரைப் பார்த்தாளாம். மேலே என் பெயர். கீழே அவள் கையெழுத்து.

"அது... பயிற்சிப் பதிவு சார்." (கூசாமல்!)

"சரி, பயிற்சி குடுத்து டெஸ்டும் வெச்சிருக்கீங்க. முப்பத்தஞ்சு எடுக்கணும், முப்பத்துமூணுதான் எடுத்திருக்காங்க. அதுக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

"வீட்டுக்குப் போயிற்று எடுப்பேன் சார்."

ஆடிட்டர் சிரித்துவிட்டாராம். ஆபீஸ் பாஸ்! ஒரே ஒரு குறை மட்டும் எழுதினாராம்: படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்ட ஆவணம் ஒன்று.

இன்னொரு கொடுமை. சீல் அடித்த காகிதம் மூன்று வருடத்துக்கு பைலை விட்டு வெளியே வராதாம். டீச்சரிடம் கொடுக்க ஒரு ஜெராக்ஸ் அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் ஆபீஸ் முத்திரை!

"ஒங்கம்மைக்க மொகத்தப் பாக்கணுமே! இன்னைக்கு நீ கட்டிலுக்கு அடியில கெடந்துக்கோ மக்கா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் அக்கா.

அம்மா வந்தாள். குழம்பு வைத்தாள். எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள்!! திட்டு வர வேண்டிய இடத்தில் மீன் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

படிக்கிற மாதிரி கணக்குப் புத்தகத்தைத் திறந்தால், உள்ளே ஆபீசின் புதுப் படிவம். அம்மாவின் எழுத்து.

நடந்தது: 33.

தரத்துக்குப் பாதிப்பு: மார்க்.

சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு: வீட்டில் நிம்மதி.

பாதுகாப்பு: இன்று ஒரு நாள் மட்டும் உண்டு.

நடவடிக்கை: தினமும் ஒரு மணி நேரம் கணக்கு, இருவரும் சேர்ந்து. பத்து மணிக்கு மேல் போன் கிடையாது. (இப்போது பத்தே முக்கால். மன்னித்துவிடு அம்மா.)

மூல காரணம்: சம்பந்தப்பட்டவர் நிரப்பவும்.

கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "பாக்காம ஒப்புப் போட்டது எனக்க தப்பு. அதுக்கு எனக்குத் தனிப் படிவம் போட்டிருக்கு."

இதைப் படித்ததும் பயம் போயிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு அடி கொடுத்திருந்தால் இதற்குள் தூங்கியிருப்பேன்!

மூல காரணத்தில் முதலில் 'சிலபஸ் கஷ்டம்' என்று எழுதினேன். அழித்தேன். 'டீச்சர் வேகமாக நடத்துகிறார்' என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

இப்போது பென்சிலில் 'புரியவில்லை என்று சொல்லப் பயம்' என்று இருக்கிறது. இதை ஏற்பாளா? ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

படிவத்தின் அடியில் என் கையெழுத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறாள்.

இந்த வீட்டில் ஒருவராவது படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டாமா? மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.