சேரிக்கழனி

தொண்ணூத்தொண்ணாம் வருஷம், பிள்ளைங்க வூட்டுக்குப் போன பிறகு, பள்ளிக்கூடத்துல பொம்பளைங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாங்க. ஊர்த் தெருவுலேருந்தும் வந்தாங்க, காலனியிலேருந்து நாங்களும் போனோம். அவங்க பாய்ல, நாங்க தரையில. யாரும் அப்படி உட்காரச் சொல்லலை. கால் தானா அங்க போச்சு.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துலேருந்து சைக்கிள்ல வர்ற சின்னப் பொண்ணுதான் டீச்சர். ஒருநாள் புத்தகத்தை மூடிட்டு, "காலனியில ஏன் யாருக்கும் நிலமில்லை?"ன்னு கேட்டுச்சு.

பாய்ல ஒரு அம்மா. வருஷா வருஷம் அவங்க கழனியிலதான் நான் நடவு நடுவேன். "இருந்தா மட்டும்? குடிச்சே தொலைச்சிருப்பானுங்க"ன்னு சிரிச்சாங்க. எங்காளுங்களும் சிரிச்சாங்க. நானும் அதைத்தான் நம்பிக்கினு இருந்தேன்.

டீச்சர் சிரிக்கலை. எங்க ஜனத்தை முன்னே நிலம் வச்சுக்கவே விடலையாம். வெள்ளைக்காரன் காலத்துல இந்த ஜில்லாவுல சேரிக்குன்னே நிலம் கொடுத்தாங்களாம், வேற யாரும் வாங்கக்கூடாதுன்னு சட்டமாம். அப்புறம் ஏமாத்தியும் மிரட்டியும் கைமாறிப்போச்சாம்.

என் வாய் சும்மா இருக்கலை. "அம்மா, மதகாண்ட கீற உங்க கழனிக்கு இன்னா பேரு?"

"சேரிக்கழ..." பாதியில நிறுத்திட்டாங்க.

அந்தப் பேரைச் சொல்லித்தான் காலங்காலமா வேலைக்குப் போனோம். ஒருத்திக்கும் ஏன்னு கேக்கத் தோணலை.

அந்தம்மா எழுந்து போயிட்டாங்க. பக்கத்துல இருந்தவ என் தொடையைக் கிள்ளினா. "நடவு வருதுடி. இனி உன்னைக் கூப்பிடுவாங்களா? மழைக்காலத்துக்கு எதை வடிப்பே?"

அவ சொன்னது நிஜம். நடவுக்குக் கூலியா வர்ற நெல்லுதான் எங்க வூட்டுச் சோறு.

நடவன்னிக்கு என்னைக் கூப்பிட மட்டும் ஆள் வரலை. பொழுது ஏறிச்சு. புடவையை இழுத்துச் சொருகிக்கினு நானே போய் அந்தம்மா கழனி வரப்புல நின்னேன்.

ஊர்க்காரி ஒருத்தி பார்த்துட்டா. "வந்துட்டாடி படிச்சவ! குடிகாரக் கூட்டத்துக்குக் கழனி வேணுமாம்."

"நீ வாயை மூடு," அந்தம்மாதான் சொன்னாங்க. "எங்க மாமியாரைக் கேட்டேன். இவங்க பாட்டனுங்க சொந்தமா உழுத கழனிதானாம்." அப்புறம் என் மூஞ்சியைப் பார்க்காம, "நாத்து வாடுது, இன்னா வேடிக்கை? இறங்கு."

இறங்கினேன். கழனி திரும்பி வரலை. இப்போ அங்க கம்பெனி மதில் நிக்குது. ஆனா குடிச்சுத் தொலைச்சோம்ங்கற பேச்சு அவங்க வாயில அதுக்கப்புறம் வந்ததே இல்லை. என் வூட்லயும் யாரையும் நான் சொல்ல விட்டதில்லை.

அடுத்த வகுப்புக்கு நேரா பாய்க்குப் போனேன். அந்தம்மா கொஞ்சம் நகர்ந்தாங்க. இடம் விட்டாங்களோ, ஒதுங்கினாங்களோ, நான் கேக்கலை. நல்லா சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.