வலைப்பூவுக்குச் சட்டை மாற்றச் சரவணம்பட்டி வரை

சரவணம்பட்டி என்ன சுற்றுலாத் தலமா என்று சிரிக்காதீர்கள். மூன்று வருடமாகத் தூங்கிக்கிடந்த இந்தப் பயண வலைப்பூவுக்குப் புது டெம்ப்ளேட் போடத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பழைய டெம்ப்ளேட்டைக் கைபேசியில் திறந்தால் பாதி எழுத்து திரைக்கு வெளியே ஓடியது.

மேட்டுப்பாளையத்தில் காலை எட்டு மணிக்கு பஸ். காந்திபுரம் சுமார் 35 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து சரவணம்பட்டிக்குப் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ். உட்கார இடமும் இல்லை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும்: இங்கே எழுதியது நான், வண்டி ஓட்டியது என் வீட்டுக்காரர். நான் பதிவை ஏற்றியதும் பக்கத்து அறையிலிருந்தே "மீ த பர்ஸ்ட்டு!" என்று முதல் ஆளாகக் கமெண்ட் போட்டுவிடுவார். கூடவே ஒரு குட்டு: "ஓட்டுனவன் பேரைப் போடலீங்களே அம்மணி?" அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் எழுத்தென்று எனக்கு மிச்சம் இருப்பது அந்தக் கமெண்ட்டுகள்தான்.

சரவணம்பட்டியில் இருப்பவள் கவிதா. ஐ.டி. வேலை, வலைப்பூ வழியாகக் கிடைத்த தோழி. காபி கொடுத்துவிட்டு, எனக்குப் பிடித்ததென்று சொன்ன டெம்ப்ளேட்டை ஏற்றினாள். தலைப்பில் நீலகிரி படம் வைத்தோம், எழுத்தைப் பெரிதாக்கினோம். அழகாகத்தான் இருந்தது. கீழே போய்ப் பார்த்தால் ஒரு கமெண்ட்டும் இல்லை.

"பேக்கப் எடுத்தயா கண்ணு?"

"ஐயோ, மறந்துபோட்டனுங்க்கா."

மறுபடி கீழே போய்த் தேடினேன். கோபம் வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அரைமணி நேரம் செட்டிங்ஸைக் குடைந்தாள்.

"ஒண்ணும் போகலீங்க்கா. டெம்ப்ளேட்டு மறைச்சு வெச்சிருக்குதுங்க."

எல்லாம் வந்தன. ஆனால் இந்த டெம்ப்ளேட்டில் புதியது மேலே, பழையது கீழே. எப்போதும் முந்திக்கொள்கிறவர் கடைசிக்குப் போய்விட்டார்.

"மாத்தி உட்டரட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. கடைசி வரைக்கும் படிக்கறவங்க பாத்துக்கட்டும்."

டெம்ப்ளேட் மாற்றப்போகிறவர்களுக்கு: முதலில் பேக்கப், அப்புறம்தான் காபி. கைபேசியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். கமெண்ட் வருகிறதா என்று பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள். திரும்பும்போது சாயங்கால பஸ்ஸில் கூட்டம் நெரியும், நாலு மணிக்கு முன்பே கிளம்புவது நல்லது.

பதிவை ஏற்றிய பிறகு இந்த வரியைச் சேர்க்கிறேன். கமெண்ட் பெட்டி காலியாக இருக்கிறது. யாராவது சீக்கிரம் வந்துவிடுங்கள். அந்த முதல் இடம் சும்மா கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.