அமாவாசையில் நாய்க்கு வைத்த பிடி சோறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணவாள நகரில் மகனோடு இருக்கிறேன். எங்களிடம் செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய் உண்டு, ஒரு காது மடங்கியிருக்கும். வீட்டுக்காரர் காலமான பிறகு பகலெல்லாம் எனக்குப் பேச்சுத்துணை அதுதான். மனிதர்களிடம் எனக்கு அவ்வளவாகப் பேச வராது. ஒருநாள் எங்கள் தெரு வழியாகச் சாவு ஊர்வலம் போனது. சரவெடியை எங்கள் வாசலிலேயே கொளுத்தினார்கள். நாய் கேட்டைத் தாண்டி ஓடியது, திரும்பவில்லை.

தெருத்தெருவாகத் தேடினேன். ரயில் சத்தத்துக்குப் பயப்படும் நாய், தண்டவாளத்தைத் தாண்டாது என்று இந்தப் பக்கமே தேடினேன். உரக்கக் கூப்பிடவும் கூச்சம். மெதுவாகக் கூப்பிட்டால் அதற்கு எப்படிக் கேட்கும்?

இரண்டு மாதம் ஆயிற்று. தை அமாவாசை வந்தது. வீட்டுக்காரருக்குப் படைத்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைக்கும்போது, பக்கத்தில் இன்னொரு பிடி தனியாக வைத்தேன். நாய்க்கு. செத்துப் போயிருக்கும், பசியோடு அலைய வேண்டாம் என்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. காக்கை வந்து இரண்டையும் தின்றது. அன்றைக்கு மனசு லேசாகி நன்றாகத் தூங்கினேன்.

நாலாம் நாள், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்யும் மகன் போன் செய்தான்.

"ம்மா, நம்ம நாய் இங்க வேற கம்பெனி கேண்டீன்ல கீதும்மா! இன்னிக்கித்தான் பாத்தேன். கொழுகொழுன்னு கீது. ஆட்டோ புட்ச்சி வா."

போனேன். கேண்டீன் நடத்துகிற பெண்ணின் காலடியில் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டு ஓடி வந்து, காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. புடவையை எல்லாம் நனைத்தது. எனக்குத்தான் கை நீளவில்லை.

"இன்னா ஆயா, அது உசுர உட்டுக்கினு சுத்துது, நீ கரண்ட் கம்பம் மாரி நிக்கிற? உன்னுதா, இல்லியா?" என்றாள் அந்தப் பெண்.

"என்னுதுதாம்மா."

"அப்ப தொடு."

"செத்துப்போச்சுன்னு அதுக்கு அமாவாச சோறு வச்சிட்டேம்மா."

மகன் வாயைப் பிளந்தான். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"காக்கா துன்னுச்சா?"

"துன்னுச்சு."

"யாருக்கு வச்சதுன்னு அதுக்கு இன்னா தெரியும்? பசி, துன்னுச்சு. ஒரு மாசமா எலும்பு போட்டு வளத்த நானே மனசு வந்து உடறேன். இட்டுக்கினு போ ஆயா."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை. காணாமல் போனபோதுகூட அப்படி அழவில்லை. மத்தியானம் அது அசந்து தூங்கினால் போய் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு ஏறி இறங்கினால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. அது கண் விழித்துப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

"அதுவே மறந்துடுச்சு, நீ இன்னும் கருமாதி பண்ணிக்கினு கீற" என்று மகன் கேலி செய்கிறான்.

சோறு வைத்ததைக்கூட விடுங்கள். அது எங்கேயோ உயிரோடு இருந்தபோது, செத்தது என்று முடிவு கட்டி நிம்மதியாகத் தூங்கினேனே, அதுதான் அறுக்கிறது.

இன்னொன்று. கேண்டீன் பெண் ஒரு மாதம் என்றாள், நான் இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறேன். அப்படியானால் முதல் மாதம் அது எங்கே கிடந்தது, என்ன தின்றது? எனக்குப் போய்க் கேட்கக் கூச்சம். ஊர்வலம் போன நாளையும் நாய் அங்கே வந்த நாளையும் யாராவது விசாரித்துச் சரிபார்த்துச் சொன்னால் நல்லது. என் கணக்குத் தப்பு என்றால் எனக்குச் சந்தோஷம்தான்.