சித்தப்பா தட்டினால் பாடும் பெட்டி

ஒன்பது வயதில் எனக்கு இருந்த ஒரே எதிரி என் சித்தப்பா மகள். அவள் செய்த குற்றம், அவள் வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இருந்தது.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் இரண்டு வீடும் அடுத்தடுத்து. சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த சித்தப்பா, ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களா ஏலத்தில் அந்தப் பெட்டியை எடுத்துவந்தார். லண்டன் சரக்கு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே கண்ணாடி வால்வுகள் தணல் மாதிரி சிவக்கும். இசைத்தட்டைச் சுழலவிட்டால் பாட்டு, சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஷாஃப்ட் வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டில் சத்தம் என்று சொல்லிக்கொள்ள அப்பாவின் குறட்டைதான் இருந்தது.

சித்தப்பா மகள் பெட்டிக்கு முன்னால் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, "நீ வாசப்படியாண்ட உக்காரு, தூசி வரும்" என்பாள். எனக்கு வயிறு பற்றி எரியும். அந்தப் பெட்டி நாசமாய்ப் போகவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அம்மன் பாதி கேட்டாள்.

பாட்டின் நடுவிலேயே பெட்டி ஊமையாகத் தொடங்கியது. ஆண்டர்சன்பேட்டை ரேடியோ கடைக்காரர் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தார், மூன்றாம் தடவை கும்பிடு போட்டுவிட்டார். சித்தப்பா மட்டும் பின்பக்கம் போய் ஏதோ செய்வார், உடனே பாடும். என்ன செய்தார் என்று சித்திக்கே சொல்லமாட்டார். அவர் ஷிஃப்ட்டில் இருக்கும்போது நின்றுவிட்டால், மேலே வரும்வரை வீடு மௌனம்தான். மறுபடி பாட்டுக் கேட்டால், "அவுரு வந்துட்டாரு" என்று லைனே சொல்லும்.

பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. ஒரு நாள் கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டேன். இடப்பக்கம் கடைசி வால்வுக்குக் கீழே, விரல் முட்டியால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் காலை, பெட்டி நின்றுபோனது. "எங்கப்பா ஷிஃப்ட் முடிஞ்சி மேல வந்தாதான் பாடும்" என்று அதையும் அவள் பெருமையாகவே சொன்னாள். அப்போது தரை குலுங்கியது. அலமாரிப் பாத்திரங்கள் உருண்டு விழுந்தன. ராக் பர்ஸ்ட். பூமிக்கு அடியில் எங்கோ பாறை வெடித்துச் சரிந்திருந்தது. லைன் பெண்கள் அத்தனை பேரும் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடினார்கள். சித்தியும் மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் அப்பாகூட எழுந்து ஓடினார். என் அப்பாதான் மேலே இருக்கிறாரே, எனக்கென்ன? அந்த வீட்டில் நானும் பெட்டியும் மட்டும் மிஞ்சினோம்.

ஊசியை எடுத்துத் தட்டின்மேல் வைத்தேன். பின்னால் போய் இரண்டு தட்டு தட்டினேன். பாடிவிட்டது! குமிழைக் கடைசிவரை திருகினேன். ஷாஃப்ட்டில் நிற்கிற அவளுக்குக் கேட்கவேண்டுமே.

கேட்டது. ஆனால் முதலில் வந்தவள் சித்தி. முந்தானை மண்ணில் புரள ஓடிவந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "எப்ப வந்தாரு? வேற ஷாஃப்ட்ல ஏறி வந்தாரா? எங்க கீறாரு?" என்று கேட்டபடியே அடுப்படியைப் பார்த்தாள், பின்கதவைத் திறந்து பார்த்தாள்.

"யாரும் வரல சித்தி. நான்தான் தட்டினேன். எப்பிடிப் பாடுது பாரு!"

"நீயாடி?" என்றாள். அடிப்பாள் என்று பயந்தேன், அடிக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாட்டை நிறுத்த வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது ஆள் ஏற்றிவரும் கடைசி கேஜில் சித்தப்பா தலையில் கட்டோடு மேலே வந்து சேர்ந்தார். அதற்கப்புறமும் சித்தி மாதக்கணக்கில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அவுங்களுக்குத் தட்டத் தெரியல, எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அதான் பொறாமை" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கொஞ்சம் பொறாமையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.