அத்தானின் குடைமிளகாய்

அத்தான் லேத் பட்டறையில் இருபது வருடமாக இரும்பு கடைபவர். பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்ளாமல் அவருக்கு ஒரு வாய் இறங்காது. வயிற்றில் புண் வந்து ரத்தமாக வாந்தி எடுத்த நாளோடு அதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது. "உயிர் வேணும்னா காரத்தைத் தொடாதீங்க" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா இரண்டு சமையல் செய்கிறாள். அவர்களோடு தங்கி வேலைக்குப் போகும் எனக்குச் சிவப்பாக ஒன்று, அவருக்கு வெளுப்பாக ஒன்று.

ஒரு நாள் அத்தான் காரமில்லாத குடைமிளகாய் நாற்றோடு வந்து நின்றார்.

"கடையில வாங்கினா போச்சு" என்றேன்.

"அது வதங்கினது. செடியில பறிச்சு அப்படியே கடிக்கணும்டா."

வீட்டில் வெயில் விழுவது பால்கனி மூலையில் மட்டும்தான். அங்கே ஏற்கெனவே அக்காவின் காரமிளகாய்த் தொட்டிகள். அவற்றை ஒட்டியே பழைய பெயின்ட் வாளிகளில் நட்டார். அசுவினிப் பூச்சி மொய்த்தது, பூவெல்லாம் கொட்டியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இலை இலையாகத் துடைத்தார். ஒரே ஒரு காய் தங்கியது. அதையும் தின்னாமல் பழுக்கவிட்டு விதை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு காய் தின்ன மனுஷனுக்கு இரண்டு வருடமா?

மறுவருடம் அந்த விதை முளைத்துக் காய்த்தது. குடை மாதிரியும் இல்லை, நீளமாகவும் இல்லை, ஒரு தினுசாக இருந்தது. சந்தேகப்பட்டு ஒன்றை நாற்றுக்கடைக்குக் கொண்டுபோய், வீட்டில் எடுத்த விதை என்றேன்.

"பக்கத்துல காரமிளகாய் இருந்துச்சா?" என்றார் கடைக்காரர். "பூச்சி அந்த மகரந்தத்த இதோட தாய்ச்செடியில கொண்டாந்து போட்டுருக்கும். அந்த விதையில வர்றது காரமாத்தான் காய்க்கும். கடிச்சுடாதீங்க."

ஓட்டமும் நடையுமாக வந்தேன். அதற்குள் காரியம் கெட்டிருந்தது. அத்தான் பாதிக் காயைக் கையில் வைத்திருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"துப்புங்க! ஐயோ, துப்பித் தொலைங்க!" அக்கா அவர் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு கத்தினாள்.

அவர் துப்பவில்லை. நிதானமாக மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஆஸ்பத்திரியில உங்க ரத்தத்தைத் துடைச்சவ நான்" என்று சொன்ன அக்கா அழவில்லை. வாளி வாளியாகச் செடிகளைப் பிடுங்கி எறிந்தாள். கடைசி வாளிக்கு வந்தபோது அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இத மட்டும் விட்டுடு. பறிக்க மாட்டேன். சும்மா பாத்துட்டு இருக்கேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவர் சொல்வதை நானும் நம்பவில்லை. அவர் கையை நான்தான் விலக்கினேன்.