ஏழாவது துளை

கோளரங்கத்தில் நட்சத்திரங்களைக் காட்டும் இயந்திரம் அவர் பொறுப்பு. அதன் துளைகள் வழியே வெளிச்சம் போய்க் கூரையில் வானமாகும். இரண்டாம் வரிசை, ஏழாவது துளை ரோகிணி. வயதாகி ஊதிப் பெருத்துச் சிவந்துபோன நட்சத்திரம் அது என்பதால், துளைமேல் உளுந்தளவு சிவப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் துடைக்கும்போது தெறித்து விழுந்து, அவர் செருப்புக்கடியிலேயே நொறுங்கியது. சொன்னால் வேலைக்கே உலை. வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ரோகிணி வெள்ளை. முதல் வாரம் முழுக்க, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு காட்சியிலும் பார்வையாளர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் விளக்கம் சொல்பவர், அண்ணாந்து பார்க்கும் வழக்கமே இல்லாத மனிதர், எப்போதும்போல மைக்கில், “அதோ, கனலாகச் சிவந்திருக்கிறதே, அதுதான் ரோகிணி” என்றார். கூட்டம் மொத்தமும் ‘ஆ’ என்றது.

பயம் போன இடத்தில் இளக்காரம் குடியேறியது. பேராசிரியர்கள் வந்தார்கள், சிவப்பைப் பார்த்தார்கள், போனார்கள். கண் டாக்டர் ஒருவர், இந்தச் சிவப்பை மறக்கவே முடியாது என்று வருகைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பக்கத்தை மடித்தே வைத்திருந்தார் இவர். அதைப் படித்துக்கொண்டு குடித்தால் டீக்குச் சர்க்கரை வேண்டாம்.

“இங்க வர்ற ஜென்மங்களுக்குக் கண்ணு முகத்துல இல்லடி, காதுல இருக்கு” என்பார் மனைவியிடம். ஏன் என்று மட்டும் சொன்னதில்லை.

ஓய்வு பெறும் நாளில், கடைசிக் காட்சிக்கு அவளை முதல்முறையாகக் கூட்டிவந்து நடுவில் உட்காரவைத்தார். இவளும் சிவப்பு என்றுவிட்டால், முப்பது வருடம் இந்தக் கும்பலில் ஒருத்தியோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறார் என்று ஆகிவிடும்.

காட்சி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கையில், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, ரோகிணி எப்படி இருந்தது என்றார்.

“வெள்ளையாத்தான் இருந்துச்சு. பெரிய மனுஷர் மைக்குல செவப்புங்கறாரு. எதுக்கு அவர் மனசு நோகணும்னு பேசாம இருந்துட்டேன்.”

நெஞ்சு நிமிர்ந்தது அவருக்கு. ஊரில் கண் உள்ளவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரே வீட்டில்.

“வானத்துல நெசமான ரோகிணி எதுங்க? காட்டுங்களேன்.”

அண்ணாந்தார். இருட்டத் தொடங்கிய வானத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள். வரிசை இல்லை, எண் இல்லை. இருபத்தெட்டு வருட வேலையில், வெளியே வந்து ஒருநாளும் தலை தூக்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வெள்ளை வெளேரென்று இருந்த ஒன்றைக் கைகாட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“ஆமாங்க,” என்றாள். “செவப்பாத்தான் இருக்கு.”