புதுத் தலைநகருக்குப் பூக் கேட்ட கதை

எங்கள் சோளக்காட்டில் ஒரு தலைநகரம் வரப்போகிறது என்று அப்பா வந்து சொன்னபோது எனக்கு எட்டு வயது. ஜில்லாவை இரண்டாகப் பிரிக்கப் போகிறார்களாம். எங்கள் பக்கம் புதிதாக வரும் ஜில்லாவுக்குத் தனியாக ஒரு தலைநகரம் வேண்டுமாம். அதை இருக்கிற ஊரில் வைத்தால் ஆகாதாம். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் புத்தம் புதிதாகக் கட்ட வேண்டுமாம். கலெக்டர் கச்சேரி, கோர்ட்டு, பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம், திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய். மற்றதெல்லாம் எனக்கு எதற்கு? நான் குழாயிலேயே மயங்கிவிட்டேன்.

சர்வேக்காரர்கள் சங்கிலியோடு வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரிய அதிகாரி எங்கள் வாசல் கட்டிலில் ஒரு வரைபடத்தை விரித்தார். அதிகாரிகளுக்கு ஒரு வீதி, குமாஸ்தாக்களுக்கு ஒரு வீதி, வியாபாரிகளுக்கு ஒரு வீதி. நிலம் கொடுக்கிற எங்களுக்குக் கச்சேரிக்கு எதிரிலேயே மூலை மனை. அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு பூரிப்பு!

பெரியப்பா மட்டும் வரைபடத்தை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நம்ம காட்டோரத்துல ஏழு ஊடு இருக்குதுங்களே, அவுங்களுக்கு எந்த வீதீங்க?" என்று கேட்டார்.

"பட்டா இருக்கா?"

"பட்டாவுக்கு எங்கீங்க போறது? எங்கப்பன் காலத்துல இருந்து நம்ம காட்டுல பாடுபட்டு அங்கயே குடியிருக்கறவீங்க."

"பட்டா இல்லேன்னா மனை இல்லை. ஊர் கட்டி முடிக்கிற வரைக்கும் மண் சுமக்கக் கூலி வேலை கிடைக்கும். முடிஞ்சதும் அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க."

"அவுங்க ஊரே இதுதானுங்க" என்றார் பெரியப்பா. அதிகாரி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த ஏழு குடிசைகளில் ஒன்றில்தான் பாவாயி இருந்தாள். என் அம்மாவைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் என்னைச் சாமி என்பாள். அப்போது எல்லாம் அப்படித்தான் இருந்தது, நானும் அதில் ஒன்றும் குறை காணவில்லை. இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

நிலம் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. இரண்டு கையெழுத்தும் விழாவிட்டால் தலைநகரம் வடக்கே வேறு காட்டுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார். "ஏழு குடும்பத்தைத் தெருவுல நிறுத்திப்போட்டு எனக்கு மூலை மனை வேண்டாம்" என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். ஒரு மாதம் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அப்பாதான் இறங்கி வந்தார்.

"நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாமுங்ணா. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்."

பெரியப்பா உடனே சம்மதித்துவிட்டார். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எங்கள் குலதெய்வமான ஆத்தாவிடம் பூக் கேட்காமல் அவர் எதையும் செய்ததில்லை. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் ஆத்தா காலடியில் குலுக்கிப் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. ஆத்தா சொல்லாத வாக்கைப் பார்ப்பது குற்றம் என்று அதைக் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

பொட்டலம் கட்டியது அப்பா. எடுத்தது, வேறு யார், நான்தான். ஈரப் பாவாடை காலில் ஒட்ட, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். பூசாரி பிரித்தார். வெள்ளை. பெரியப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. கையெழுத்துப் போடுவதாகத் தலையசைத்தார்.

மற்றப் பொட்டலத்தைப் பூசாரி என் கையிலேயே கொடுத்துக் கிணற்றில் போட்டுவரச் சொன்னார். சும்மா இருக்கிற கையா அது? கிணற்று மேட்டில் நின்று பிரித்துவிட்டேன். அதிலும் வெள்ளை! எனக்குப் புல்லரித்துப் போயிற்று. எதை எடுத்தாலும் குழந்தை சந்தோஷப்படட்டும் என்று ஆத்தா சிவப்பையே வெள்ளையாக மாற்றியிருக்கிறாளே என்று நினைத்தேன்.

கோயில் சுவருக்கு வெளியே பாவாயியும் அவள் சனங்களும் நின்றிருந்தார்கள். தங்கள் தலையெழுத்தைக் கேட்கக்கூட அவர்கள் உள்ளே வரக் கூடாது. நான் ஓடிப்போய் அவள் காதில் மட்டும் அந்த அதிசயத்தைச் சொன்னேன்.

"ரண்டும் வெள்ளைங்களா சாமி?"

"ஆமா பாவாயி! நானே பாத்தேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு கோயில் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். "அந்தப் பூவைக் கெணத்துல போட்டுப்போடுங்க. ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சாமி" என்றாள். சொன்னால் அதிசயம் பலிக்காது போலிருக்கிறது என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பொட்டலங்களைக் கட்டியது ஆத்தா இல்லை, அப்பா என்பது எனக்கு உறைத்தபோது எனக்கே ஒரு குழந்தை பிறந்திருந்தது. அதற்குள் பெரியப்பாவும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். தலைநகரம்? அது வரவே இல்லை. சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், நாலு வீதிக்குச் சரளை கொட்டினார்கள், கச்சேரிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். யுத்தம் வந்தது; இரும்பு இல்லை, சிமெண்டு இல்லை என்று போட்டது போட்டபடி போய்விட்டார்கள். ஜில்லாவையும் பிரிக்கவில்லை. கச்சேரிக் குழியில் மழைத்தண்ணீர் நின்று எருமைகள் படுத்துக் கிடந்தன. எல்லாம் பாழ்.

குடிசைகளைப் பிரித்த நாள்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காலி நிலமாகத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. கையெழுத்து மறுநாள்தான். ஏழு குடும்பமும் சட்டி பானையோடு வண்டித்தடத்தில் நின்றன. எங்கே போகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆத்தா சொல்லிப்போட்டா பாவாயி, நா என்ன பண்ணட்டும்?" என்று சின்னக் குழந்தை மாதிரி அழுதார். பக்கத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பாவாயி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தக் கையெழுத்து விழுந்திருக்காது. அதற்குப் பதில் பெரியப்பாவின் அரிவாள் தம்பியின் மேல் விழுந்திருக்கும். அவருடைய கோபம் அவளுக்குத் தெரியும். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உடுங்க சாமி. புள்ள வெயில்ல நிக்குது, ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, அம்மிக்கல்லை மருமகளிடமிருந்து தன் தலைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். என்னிடம் வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவளுக்கு என்மேல் கோபம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பூக் கேட்ட அன்று கோயில் பொங்கலை அவளுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்காமல் நானே தின்று தீர்த்திருந்தேன். அதற்குத்தான் இந்தக் கோபம், சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.